பதினொன்றில் ஏழு

பூண்டியில் காரட் மூட்டைக்கு அட்டை எழுதுவது சுரேந்திரனின் வேலை. பொன்னுத்தாய் கோணி ஊசியால் மூட்டையின் வாயைத் தைத்து முடித்ததும் அவன் ஒரு அட்டைத் துண்டில் விவசாயியின் பெயரில் முதல் எழுத்தையும் இரண்டு எண்களையும் மார்க்கரால் எழுதிச் சணலால் கட்ட வேண்டும். மேலே ஒரு எண், நடுவில் கோடு, கீழே ஒரு எண். மேலெண் அந்த மூட்டையின் வரிசை. கீழெண் அந்த விவசாயி இந்த அறுவடையில் இதுவரை ஏற்றிவிட்ட மூட்டைகளின் எண்ணிக்கை. திங்கட்கிழமை லாரியில் ஐந்து போனால் ஐந்திலும் கீழே ஐந்து. வியாழக்கிழமை மேலும் ஆறு போனால் மேலே ஆறு முதல் பதினொன்று வரை, கீழே எல்லாவற்றிலும் பதினொன்று. ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்குகிறவன் கீழெண்ணைப் பார்ப்பான், இதுவரை இறங்கியதை எண்ணுவான், சரி என்று சீட்டைக் கிழிப்பான். இன்னும் எத்தனை வரும் என்று அவன் கேட்பதில்லை. மலையில் இருக்கிறவனுக்கே அது தெரியாது. மண்ணுக்குள் கிடக்கும் காரட்டை எவன் எண்ணுவான்?

"ஏலே சுரேந்திரா, நம்பர் எழுதச் சொன்னா கோலம் போடுறியா? வெரசாக் கட்டு, மேகம் இறங்குது" என்றாள் பொன்னுத்தாய்.

"கட்டுறேன் மதினி."

"மெட்ராஸ்ல விடிய விடிய போன்ல பேசுற சோலி பாத்தவனாம். இங்க என்னன்னா வாயத் தொறக்கவே ஆள் வைக்கணும் போல."

லாரிக்காரர் மயில்சாமி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனிக்காரர், சொந்த வண்டி, தானே ஓட்டுவார். "பேச வேண்டியத பூரா அங்கயே பேசித் தீத்துட்டான். அட்டை தப்பாம இருக்குல்ல, விடு தாயி" என்றார்.

அட்டை தப்பியதில்லை. ஒன்றரை வருடமாக எழுதுகிறான், ஒரு மூட்டை மாறியதில்லை. அதற்கு முன் அவன் தொட்ட இரண்டு காரியமும் பாதியில் நின்றவை. திண்டுக்கல்லில் பொறியியல் கல்லூரியை மூன்றாம் வருடம் விட்டான். பிறகு சென்னையில் ஒரு கால் சென்டர். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை, அமெரிக்காவில் அச்சுப்பொறி வாங்கியவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தான். பகலில் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். பெரிய கதை எதுவும் இல்லை. ஊரில் 'அரைக் கிணறு' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சென்னையிலிருந்து அவன் கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள். கம்பெனி கழித்துப் போட்ட ஒரு அச்சுப்பொறி. அந்த மாடலைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. எந்தச் சத்தம் வந்தால் எந்தப் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிடுவான். ஆனால் கூப்பிட்டவர் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் மட்டும், திரையில் இருக்கும் ஒரு வாக்கியத்தை வாசித்துவிட்டுப் போனை வைக்க வேண்டும். வருந்துகிறோம், அதற்கு எங்களிடம் வழி இல்லை. நானூறு தடவையாவது வாசித்திருப்பான். வழி ஏன் இல்லை என்ற கேள்வி மட்டும் அவனோடு பூண்டிக்கு வந்துவிட்டது. எட்டு மாதம் உட்கார்ந்து அந்த வழியை நிரலாக எழுதி முடித்தான்.

உலகத்தில் ஆங்காங்கே இருக்கிறவர்கள் சேர்ந்து கூலியில்லாமல் வளர்க்கும் ஒரு அச்சு மென்பொருள் இருந்தது. எந்த அச்சுப்பொறி லினக்ஸில் ஓடும், ஓடாது என்பதை அதுதான் தீர்மானித்தது. அதற்குப் பொறுப்பாளர் ஜெர்மனியில் ஹென்ரிக் என்ற ஆள். அவருக்கு மின்னஞ்சலில் பேட்ச் அனுப்ப வேண்டும். பேட்ச் என்றால் ஒரு கடிதம். பழைய நிரலில் எந்த வரியை எடு, அந்த இடத்தில் எந்த வரியைப் போடு என்று அதில் இருக்கும். பெரிய வேலையை ஒரே கடிதமாகக் கொண்டுபோய்க் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். சின்னச் சின்னதாக வெட்டி வரிசையாக அனுப்ப வேண்டும். சுரேந்திரனின் வேலை பதினோரு துண்டாக வந்தது.

இந்தப் பதினொன்றும் நவம்பர் வெளியீட்டில் ஏறியாக வேண்டும். காரணம் வேலுமணி. கால் சென்டரில் அவனுக்கு மேலே இருந்தவர், இப்போது பெங்களூரில், கடைகளில் பில் அடிக்கும் அச்சுப்பொறி செய்யும் கம்பெனியில் இருந்தார். ஆள் எடுக்கிறார்கள், டிகிரி இல்லை என்றால் கம்பெனி வாசலிலேயே நிறுத்தும், ஆனால் உன் வேலை அந்த மென்பொருளில் ஏறிவிட்டால் அதைக் காட்டி உள்ளே கூட்டிப்போய்விடுவேன் என்று எழுதியிருந்தார். இந்த மாதத்தோடு ஆள் எடுப்பது முடிகிறது. ஹென்ரிக் நவம்பர் வெளியீட்டுக்கான வாசலை மூடுவது பதினெட்டாம் தேதி, ஞாயிறு மாலை. அது 2007ஆம் வருடம்.

*

பூண்டியில் அவனிடம் பழைய கம்ப்யூட்டர் இருந்தது, இன்டர்நெட் இல்லை. பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மயில்சாமி லாரியில் கொடைக்கானல் வருவான். ஏழு ரோடு சந்திப்புக்குக் கீழே மேனகாவின் பிரவுசிங் சென்டர். மேனகாவும் அவனைப்போல சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெண். மிஷன் பள்ளியில் படித்தவள். கடைசி மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரை அவன் தன் சிடியைப் போட்டு லினக்ஸில் ஏற்றிக்கொள்ள விடுவாள். வேறு யாரையும் விடமாட்டாள்.

பதினொன்றில் ஐந்தைத்தான் அவன் முதலில் சோதித்து முடித்திருந்தான். கையில் இருப்பதை முதலில் அனுப்புவோம், மீதி அடுத்த லாரியில் என்று நினைத்தான். பேட்ச் கடிதங்களை எழுதித் தருவது கிட் என்ற கருவி. -n என்று சேர்த்துக் கேட்டால் தலைப்பில் எண் போட்டுத் தரும், சேர்க்காவிட்டால் எண் இல்லாமல் தரும். இதுவரை ஒற்றைக் கடிதங்களாகவே அனுப்பி வந்தவனுக்கு எண் தேவைப்பட்டதில்லை. இந்த முறை போட்டான். 1/5, 2/5 என்று ஆரம்பித்து 5/5 வரை வந்தது. அவன் கண்ணுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஐந்து ஏறியிருக்கிறது, கீழே ஐந்து. திங்கட்கிழமை அனுப்பினான்.

வியாழக்கிழமைக்குள் மீதி ஆறும் தயார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் குழம்புமே என்று கருவியின் கையேட்டைத் தேடியதில், எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. --start-number 6 என்று கொடுத்தான். 6/11, 7/11, கடைசியில் 11/11. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த ஊர்க்காரனோ எழுதிய கருவி, பூண்டி லாரி ஷெட்டில் உட்கார்ந்து அட்டை எழுதியதுபோல அப்படியே போட்டுத் தருகிறது.

"என்ன, தனியா சிரிக்கிற? லவ் மெயிலா?" என்றாள் மேனகா.

"காரட் மூட்டை."

"நல்லா வந்துச்சு போ. டைம் ஓவர், எந்திரி. டூரிஸ்ட் வெயிட் பண்றாங்க."

*

சனிக்கிழமை பஸ்ஸில் கொடைக்கானல் வந்தான். அஞ்சலைத் திறந்ததும் மூன்று கடிதங்கள் வரிசையாகக் கிடந்தன.

முதலாவது செவ்வாய்க்கிழமை ஹென்ரிக் எழுதியது. ஐந்தையும் படித்தேன், நன்றாக இருக்கிறது, ஐந்தையும் சேர்த்துவிட்டேன். அதைப் படித்தபோது சுரேந்திரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டாவது வியாழன் இரவு பிரேசிலிலிருந்து யாரோ எழுதியது. அவரிடம் அதே அச்சுப்பொறி இருந்தது. செவ்வாய் வரை கோணலாக இழுத்துக்கொண்டிருந்த காகிதத்தை இப்போது மெஷின் இழுக்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார்.

இழுக்காதுதான். நான்காவது துண்டு, காகிதம் இழுக்கும் பழைய வழியை எடுத்துவிடும். ஆறாவது துண்டு புதிய வழியைப் போடும். ஐந்தோடு நிறுத்தினால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

மூன்றாவது மறுபடி ஹென்ரிக். வெள்ளிக்கிழமை.

'ஐந்தில் ஐந்து என்று எழுதியிருந்தாய். ஐந்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து பதினொன்றில் ஆறு என்று ஒரு கடிதம் வருகிறது. எந்தப் பதினொன்று? அதன் முதல் ஐந்து எங்கே? வேறு ஏதோ தொடரின் வால் என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். இப்போது மெஷின் நின்றுவிட்டது என்கிறார்கள். ஐந்தையும் திரும்ப எடுத்துவிட்டேன். வேண்டுமானால் மொத்தத்தையும் ஒரே தொடராக மறுபடி அனுப்பு. ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் அச்சுப்பொறி ஓட வேண்டும், நடுவில் எங்கே நின்றாலும் ஓட வேண்டும். ஞாயிறு மாலை மூடுகிறேன்.'

சுரேந்திரன் அதை இரண்டு தடவை படித்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ஆள் திட்டவில்லை. உள்ளதைச் சொல்லியிருந்தார்.

கீழெண் என்றால் இதுவரை ஏறியது என்பது பூண்டி வழக்கம். இவர்களுக்கு அது மொத்தம் எத்தனை வரும் என்பது. ஒரு வருடத்துக்கு மேலாக இந்த அஞ்சல் குழுவில் மற்றவர்களின் தொடர்களைப் படித்து வருகிறவனுக்கு அது தெரியாததல்ல. தெரிந்திருந்தும் கை பழகிய வழியில் போய்விட்டது. கருவியைக் குறை சொல்ல முடியாது. ஐந்தைக் கொடுத்து எண் போடச் சொன்னால் அது ஐந்து என்றுதானே போடும்? வீட்டில் இன்னும் ஆறு கிடப்பது அதற்கு எப்படித் தெரியும்?

"ஏன் மூஞ்சி இப்படி ஆயிருச்சு?" என்றாள் மேனகா.

சொன்னான். அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? அஞ்சை அழிச்சுட்டு பதினொண்ணுன்னு டைப் பண்ணி இப்பவே அனுப்பு. பென்டிரைவ்லதான இருக்கு எல்லாம்?"

"நம்பர் மட்டும்னா பண்ணிருவேன். நாலாவதக் கொண்டுபோய் ஆறாவதுக்குப் பின்னால வைக்கணும். மாத்தி வச்சா ஒவ்வொண்ணா அடிச்சுப் பாக்கணும், காகிதம் போகுதான்னு. மெஷின் பூண்டியில கெடக்கு."

"அப்ப ஏன் இங்க உக்காந்துருக்க? ரெண்டு மணி பஸ்ஸ விட்டா நாளைக்குத்தான்."

பஸ் புறப்படும்போது பிடித்தான்.

*

அவன் வீடு பூண்டிக்கு மேலே, வனத்துறைக் குடியிருப்பில். ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடு. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்த பழக்கத்தில் அம்மா சுப்பம்மா இன்னும் அதை லயம் என்றுதான் சொல்வாள். அவன் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்தாள்.

"என்னா மகன், அந்த மெஷின் இன்னமும் சொன்ன பேச்சுக் கேக்கலியா?"

"மெஷின் கேக்குது. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"எழுதுனத அழிச்சிட்டு எழுது. அதுக்கேன் சோத்த விடுற?"

சாப்பிட்டான். பிறகு நான்காவதை எடுத்து ஆறாவதுக்குப் பின்னால் வைத்தான். ஐந்தாவது நான்காவதானது, ஆறாவது ஐந்தாவதானது. ஒவ்வொரு துண்டையும் சேர்த்து ஒரு காகிதம் அடித்தான். முதல் துண்டோடு ஓடியது, இரண்டோடு ஓடியது. ஐந்தில் காகிதம் பாதியில் நின்றது. பழைய வழியும் புதிய வழியும் ஒரே நேரத்தில் இழுக்கப் பார்த்தன. ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. பதினோரு காகிதத்தையும் மேசையில் அடுக்கினான். எதிலும் கோணல் இல்லை.

கடைசியாக எண். பதினொன்றையும் ஒரே தடவையில் கருவியிடம் கொடுத்து -n என்றான். 1/11இல் தொடங்கி 11/11இல் முடிந்தது. தலைப்பில் இரண்டாம் முறை அனுப்புவது என்ற குறிப்பையும் போட்டான். ஒவ்வொரு கோப்பையும் திறந்து கீழெண்ணைப் பார்த்தான். எல்லாவற்றிலும் பதினொன்று. பத்து மணிக்கு முன்பே படுத்துவிட்டான். தூக்கமும் வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே லாரி கிளம்பியது. மழை விடாமல் பெய்தது. பூம்பாறை தாண்டி ஒரு வளைவில் யூகலிப்டஸ் மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னால் இரண்டு ஜீப், ஒரு பால் வண்டி. அறுக்க ஆள் வரவேண்டும்.

"எத்தன மணிக்கு உன் வெள்ளக்காரன் கதவ அடைப்பான்?" என்று மயில்சாமி கேட்டார்.

"அவருக்குச் சாயந்தரம். நமக்கு ராத்திரி ஒம்பது, பத்து ஆகும்ணே."

"அப்ப நேரம் கெடக்கு. நீ ஏன் கால ஆட்டிக்கிட்டே இருக்க? வண்டியே ஆடுது."

கிளீனர் குமார் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய், அறுக்கிறவர்களோடு சேர்ந்து கிளையை இழுத்தான். சுரேந்திரனும் இறங்கினான். சட்டைப்பையில் இருந்த பென்டிரைவைப் பாலிதீன் பையில் சுற்றி டிரைவர் சீட்டுக்கு முன்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. மயில்சாமி நிற்கவில்லை, வடகவுஞ்சி வழியாகப் பழனி ரோட்டில் இறங்கிவிட்டார். மேனகா சர்ச் முடிந்து அப்போதுதான் கடையைத் திறந்திருந்தாள். இன்டர்நெட் இருந்தது, ஆனால் மழையில் நொண்டியது. ஒரு கடிதம் போக நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். ஒன்று போனது. இரண்டு, மூன்று. மேனகா ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் நின்று எண்ணினாள்.

"ஆறு."

"நீ எண்ணாத மேனகா."

"நான் எண்ணுனா என்ன, கண்ணு பட்டுருமா? ஏழு."

ஏழாவது போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. எட்டாவது பாதி போகும்போது கரண்ட் போனது. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்ச் சரிவில் எந்த வீட்டிலும் வெளிச்சம் இல்லை. ஊரே போயிருந்தது.

மேனகா அங்கே இங்கே போன் போட்டாள். லைன் அறுந்து கிடக்கிறது, காலையில்தான் என்றார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு லாட்ஜுக்கு இரண்டு பேரும் குடையோடு போனார்கள். விளக்கு எரிந்தது, இன்டர்நெட் இல்லை. இன்னொரு லாட்ஜிலும் அதே கதை. நனைந்து திரும்பி வந்து கடைக்குள் உட்கார்ந்தார்கள்.

"ஏழோட நின்னு போச்சே. அந்த ஆளு போன தடவ மாதிரி இதோட முடிஞ்சதுன்னு எடுத்துக்குவானா?" என்றாள் மேனகா.

"மாட்டார். பதினொண்ணுல ஏழுன்னு தலைப்புல இருக்கு. இன்னும் நாலு வரணும்னு தெரியும்."

"தெரிஞ்சா? வெயிட் பண்ணுவானா?"

"அது தெரியாது."

அவள் கடைச் சாவியை மேசையில் வைத்தாள். "பஸ் இல்ல, எங்க போவ? இங்கயே படு. கரண்ட் வந்ததும் அனுப்பு. வேற எதையும் நோண்டி வைக்காத."

சுரேந்திரன் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்தான். ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. வாசல் மூடியிருக்கும். பெங்களூர் போயிற்று என்று நினைத்துக்கொண்டான். பாதியில் நின்ற மூன்றாவது காரியம் இது. ஆனால் இந்த முறை நின்றது அவனால் இல்லை. அந்த வித்தியாசத்தை ஊரில் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

காலை பத்தரைக்குக் கரண்ட் வந்தது. முடிந்ததோ இல்லையோ, நான்கையும் அனுப்பிவிடுவது என்று சிடியைப் போட்டு ஏற்றினான். ஒரு நிமிடம் யோசித்தான். புதிதாக எண் போட வேண்டுமா? வேண்டாம். சனிக்கிழமையே எழுதி வைத்ததுதான், எட்டும் ஒன்பதும் பத்தும் பதினொன்றும் தங்கள் எண்ணோடு அப்படியே கிடக்கின்றன. எட்டாவதை அனுப்பப் போகும்போது பெட்டியில் ஒரு கடிதம் இருப்பதைப் பார்த்தான். ஹென்ரிக், நேற்று மாலை, அவர் ஊர் நேரம் எட்டு மணி.

'பதினொன்று என்று எழுதியிருக்கிறாய். ஏழு வந்திருக்கிறது. மீதி நான்கு வழியில் இருக்கிறதா, அனுப்ப மறந்துவிட்டாயா? நாளை மதியம் வரை மூடவில்லை.'

"ஏய் மேனகா" என்று கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதில்லை. டீ கிளாஸோடு ஓடி வந்தாள்.

மழை விட்டிருந்ததால் நான்கு கடிதமும் ஐந்து நிமிடத்தில் போய்விட்டன. ஜெர்மனியில் அப்போது காலை ஏழுகூட ஆகவில்லை.

*

பதிலுக்காக அவன் காத்திருக்கவில்லை, இரண்டு மணி பஸ் இருந்தது. அஞ்சலின் கடவுச்சொல்லை மேனகாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை காலை பூண்டியில் போன் இருந்த ஒரே மளிகைக் கடைக்கு அவள் கூப்பிட்டாள்.

"மெயில் வந்துருக்கு. ஷார்ட்டாதான் இருக்கு, வாசிக்கிறேன் கேளு. ஆல் லெவன் அப்ளைட், தேங்க்ஸ். அப்படின்னா ஏறிருச்சா?"

"ஏறிருச்சு."

"பிரேசில்காரன் ஒரு போட்டோ அனுப்பிருக்கான். பேப்பர் ஸ்ட்ரெய்ட்டா வந்துருக்கு. அத ஏன் போட்டோ புடிச்சான்னு தெரியல."

"எனக்குத் தெரியும்."

"சரி, சந்தோஷமா ஏதாவது சொல்லு. கால் கட் ஆகப் போகுது."

"சொல்லிட்டேன்ல, ஏறிருச்சுன்னு" என்றான். அதற்குள் கட் ஆகிவிட்டது. கடைக்காரர், என்ன ஏறிச்சு, காரட் விலையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை கிளாவரையிலிருந்து கதிர்வேல் என்பவரின் பூண்டு மூட்டைகள் வந்தன. மொத்தம் பதினொன்று. லாரியில் ஏழுக்குத்தான் இடம் இருந்தது. மீதி நாலும் ஞாயிற்றுக்கிழமை போகட்டும் என்று மயில்சாமி சொல்லிவிட்டார். சுரேந்திரன் அட்டை எழுதினான். லாரி போனது.

மாலை ஆறு மணிக்கு மளிகைக் கடைக்குப் போன். ஒட்டன்சத்திரத்திலிருந்து மயில்சாமி.

"ஏலே, நாலு மூட்டை எங்கடா?"

"எந்த நாலு?"

"பூண்டு மூட்டை! மேல ஏழு, கீழ பதினொண்ணுன்னு எழுதிக் கட்டிருக்க. இங்க ஏழுதான் இறங்குது. பதினொண்ணு ஏத்துனீங்கள்ல, நால வழியில வித்துட்டீங்களான்னு குமாரப் புடிச்சு உக்கார வச்சுட்டானுங்க. அவன் அழுவுறான். நான் பழனி கோயிலடிக்காரன், சத்தியம் பண்ணுறேங்கிறேன், ஒருத்தன் நம்ப மாட்டேங்கிறான்."

சுரேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணே, நாலு மூட்டை இங்க ஷெட்லதான் கெடக்கு. நான் மொத்தத்த எழுதிட்டேன்."

"மொத்தத்த யாருலே கேட்டா? ஏத்துனத எழுதுறதுதான உன் சோலி?"

"தப்புத்தாண்ணே. போன அவங்ககிட்ட குடுங்க, நான் சொல்றேன்."

இறக்குகிறவனிடம் பத்து நிமிடம் பேசினான். சென்னையில் பேசியதுபோலவே பேசினான், குரலை உயர்த்தாமல், அவன் சொல்வதை முதலில் திரும்பச் சொல்லி, பிறகு தன் பக்கத்தைச் சொல்லி. குமாரை விட்டுவிட்டார்கள். ஒன்றரை வருடத்தில் அட்டை தப்பியது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை மேனகா கடையில் அஞ்சலைத் திறந்தபோது, பதினொன்றும் ஏறியதைப் பார்த்துவிட்டு வேலுமணி எழுதியிருந்தார். டிசம்பர் மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வா, பகல் வேலை, சர்டிபிகேட் எதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் அதைச் சொன்னபோது மயில்சாமி ஒரு டயரை உதைத்துப் பார்த்தார். பிறகு, "நல்லதாப் போச்சு. இன்னொரு வாரம் இருந்தா என்னையே உள்ள வச்சிருப்பானுங்க" என்றார். "அட்டைக்கு ஆளு?"

"நான் எழுதுறேன்" என்றாள் பொன்னுத்தாய். ஊசியைக் கோணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"உனக்கு எழுத்துத் தெரியாதே தாயி."

"நம்பர் தெரியும்ல. எழுத்த அவனவன் வந்து எழுதிக்கட்டும். ஏலே, அந்த மார்க்கரக் குடு."

சுரேந்திரன் கொடுத்தான். கதிர்வேலின் மீதி நான்கு மூட்டைகள் கடைசியில் நின்றன. முதல் மூட்டையின் அட்டையில் அவள் மேலே எட்டு போட்டுக் கோடு இழுத்தாள். கீழே எழுதுவதற்கு முன் அவனைப் பார்த்தாள்.

"நாலும் இன்னிக்குப் போகுதுல்ல?"

"போகுது மதினி."

பதினொன்று என்று பெரிதாகப் போட்டாள். அவன் சணலை எடுத்துக் கட்டினான்.